வாடகை ஒப்பந்தம் முடியும் முன்பே வீட்டைக் காலி செய்ய வேண்டுமா? உரிமையாளரிடம் பேசும் முறை

ஓராண்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடிவந்த வீட்டை ஐந்தாவது மாதமே விட வேண்டிய நிலை யாருக்கும் வரலாம். வேலை வேறு ஊருக்கு மாறும், சம்பளம் நின்றுபோகும், பெற்றோருக்கு உடம்பு முடியாமல் போகும், கூட இருந்தவர் பிரிந்துபோவார். முதல் முறையாக வாடகைக்கு இருப்பவர்கள் இந்த இடத்தில் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "கையெழுத்துப் போட்டாச்சு, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று இருக்காத வீட்டுக்கு மாதாமாதம் வாடகை கட்டுகிறார்கள். அல்லது யாரிடமும் சொல்லாமல் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். முதலாவதில் பணம் போகும். இரண்டாவதில் முன்பணமும் போய், வழக்கு வரைக்கும் கூடப் போகலாம்.

இரண்டுக்கும் நடுவே நல்ல வழி ஒன்று இருக்கிறது. இரு தரப்பும் பேசி, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்துக்கொள்வதாக எழுதிக் கையெழுத்திடுவது. ஒப்பந்தம் போட்ட இருவரும் சம்மதித்தால் அதை எந்த நாளிலும் முடித்துக்கொள்ளலாம். அந்தச் சம்மதத்தைப் பெறுவதுதான் வேலை. வீடு எத்தனை மாதம் காலியாகக் கிடக்கும் என்பதே உரிமையாளரின் முதல் கவலை. அதற்கான பதிலைத் தயார் செய்துகொண்டு போய் உட்கார்ந்தால் பேச்சின் தன்மையே மாறிவிடும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் அதற்கான தயாரிப்புதான்.

ஒப்பந்தத்தை மீண்டும் படியுங்கள்

கையெழுத்துப் போட்ட அன்று அவசரத்தில் புரட்டியதோடு பலர் அதைத் திரும்ப எடுப்பதே இல்லை. இப்போது பென்சிலோடு உட்கார்ந்து, பின்னால் சேர்த்திருக்கும் இணைப்புத் தாள்கள் உட்பட வரிவரியாகப் படியுங்கள். வெளியேறுவது பற்றிய நிபந்தனை பல நேரம் அந்த இணைப்பில்தான் ஒளிந்திருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, உங்கள் ஒப்பந்தம் இன்னும் காலத்துக்குள் இருக்கிறதா என்பது. ஓராண்டு ஒப்பந்தம் முடிந்து, புதிதாக எதுவும் எழுதாமல் மாதாமாதம் வாடகை கட்டி வருகிறீர்கள் என்றால் பல இடங்களில் முறையான நோட்டீஸ் கொடுத்தாலே போதும், பேரமே தேவைப்படாது. இதற்கு நேர்மாறாக, "குறிப்பிட்ட தேதிக்குள் சொல்லாவிட்டால் இன்னோர் ஆண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும்" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்தத் தேதி நெருங்கிக்கொண்டிருந்தால் மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இன்றைக்கே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, முன்கூட்டியே முடிப்பதற்கான ஷரத்து. "இத்தனை நாள் நோட்டீஸும் இத்தனை மாத வாடகையும் கொடுத்தால் விலகலாம்" என்று இருந்தால் உங்கள் செலவின் உச்ச வரம்பு அதுதான். அதற்கு மேல் யார் கேட்டாலும் அந்த வரியைக் காட்டலாம். அதற்குக் கீழே கொண்டுவருவதற்குத்தான் பேச்சு. லாக்-இன் காலம் (இடையில் விலக முடியாத குறைந்தபட்சக் காலம்) என்று தனியாக எழுதியிருந்தால் அது எந்தத் தேதியோடு முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வழக்கமாகப் போடும் 11 மாத ஒப்பந்தங்கள் பலவற்றில் முதல் சில மாதங்கள் மட்டுமே லாக்-இன் இருக்கும், அதன்பின் ஒன்றோ இரண்டோ மாத நோட்டீஸில் வெளியேறலாம். லாக்-இன் முடிய மூன்று வாரம்தான் பாக்கி என்றால், சண்டை பிடிப்பதைவிட மூன்று வாரம் பொறுத்து நோட்டீஸ் கொடுப்பது மலிவு.

உள்வாடகைக்கு விடலாமா, ஒப்பந்தத்தை வேறொருவர் பெயருக்கு மாற்றலாமா, முன்பணத்தில் எதையெல்லாம் பிடித்துக்கொள்ளலாம், யார் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள், ஜாமீன்தாரர் உண்டா என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நோட்டீஸ் எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதையும் விடாதீர்கள். ஜெர்மனியில் வீட்டை விடும் நோட்டீஸ் கையெழுத்திட்ட தாளில் இருக்க வேண்டும், மின்னஞ்சலில் அனுப்பினால் செல்லாது. இப்படி ஒரு சின்ன விதியைக் கவனிக்காமல் விட்டாலே ஒரு மாத வாடகை போய்விடும்.

சட்டம் உங்களுக்கு ஏற்கெனவே என்ன தருகிறது?

ஒப்பந்தத்தில் இல்லாத உரிமையைச் சட்டம் தந்திருக்கலாம். அது தெரியாமல் பேசப் போனால், ஏற்கெனவே உங்களுக்குச் சொந்தமானதைக் காசு கொடுத்து வாங்குவீர்கள்.

இடத்துக்கு இடம் சட்டம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், 3 ஆண்டுகளுக்கு மேற்படாத ஒப்பந்தங்களை முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணம் சட்டத்திலேயே இருக்கிறது: காலத்தில் கால் பங்கு கூடக் கழியவில்லை என்றால் 4 வார வாடகை, பாதிக்குள் என்றால் 3, முக்கால் பங்குக்குள் என்றால் 2, முக்காலைத் தாண்டிவிட்டால் 1 வாரம். கனடாவின் ஒன்டாரியோவில், ஒப்பந்தத்தை வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கச் சம்மதம் கேட்டு, உரிமையாளர் மறுத்தாலோ 7 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டாலோ, குடியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்து விலகும் வழி திறக்கிறது. இங்கிலாந்தில் 2026 மே 1 முதல் பெரும்பாலான தனியார் வாடகை வீடுகளுக்குக் குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்பதே கிடையாது, குடியிருப்பவர் 2 மாத நோட்டீஸில் வெளியேறலாம். அமெரிக்காவில் ராணுவப் பணியில் சேர்பவர்களுக்கும், இடமாற்ற உத்தரவு பெற்ற படைவீரர்களுக்கும் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமையைக் கூட்டாட்சிச் சட்டமே தருகிறது. குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்குப் பல மாநிலங்கள் தனி வழி வைத்திருக்கின்றன. அந்த நிலையில் இருப்பவர்கள் பேரம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு, சட்ட உதவி மையத்தின் வழியாக நோட்டீஸ் அனுப்பலாம்.

எல்லாவற்றையும்விடப் பேச்சில் உதவும் கோட்பாடு ஒன்று உண்டு. நீங்கள் நடுவில் போய்விட்டால், உரிமையாளர் கையைக் கட்டிக்கொண்டு மீதிக் காலம் முழுவதற்கும் உங்களிடம் வாடகை வசூலிக்க முடியாது, வேறு ஆள் பிடிக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது அது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இது சட்டம். இந்திய ஒப்பந்தச் சட்டமும் (1872) இதே திசையில்தான் பேசுகிறது. நஷ்டத்தைத் தவிர்க்கக் கையில் இருந்த வழிகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது 73ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாத நியாயமான ஈடுதான் கிடைக்கும் என்கிறது 74ஆம் பிரிவு. உங்கள் ஊரில் இது எப்படி என்று அங்குள்ள வாடகைதாரர் உதவி மையத்திலோ இலவச சட்ட உதவியிலோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

வீட்டில் குடியிருக்கவே முடியாத அளவுக்குப் பழுது இருந்து, எழுத்தில் சொல்லியும் சரி செய்யவில்லை என்றால் அதுவும் பல இடங்களில் ஒப்பந்தத்தை முடிக்கக் காரணமாகும். ஆனால் அதற்கான நடைமுறையை விடாமல் பின்பற்ற வேண்டும். வக்கீலைக் கேட்காமல் வாடகையை நிறுத்தி வைக்காதீர்கள்.

பேசும் முன் கணக்குப் போடுங்கள்

பேரத்தில் பாதி இந்தக் கணக்குதான். இதைச் செய்யாமல் போகிறவர்கள் உரிமையாளர் சொல்லும் முதல் தொகைக்கே தலையாட்டிவிடுகிறார்கள்.

ஒப்பந்தம் முடிய இன்னும் 7 மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் உங்கள் பாக்கி 7 மாத வாடகை. அந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம், நிஜமான நஷ்டம் வேறு. அதே பகுதியில், அதே அளவுள்ள வீடுகள் விளம்பரத்தில் எத்தனை நாள் நிற்கின்றன என்று இரண்டு வாரம் கவனியுங்கள். ஒரு மாதத்துக்குள் போய்விடுகின்றன என்றால், காலியாகக் கிடக்கும் காலம் சுமார் ஒரு மாதம். புரோக்கர் கமிஷன், விளம்பரம், சுத்தம் செய்வது எல்லாம் சேர்த்து இன்னும் அரை மாதமோ ஒரு மாதமோ. ஆக உரிமையாளருக்கு வரக்கூடிய உண்மையான நஷ்டம் ஒன்றரை முதல் இரண்டு மாத வாடகை. இனி, நீங்கள் இரண்டு மாதம் முன்பே சொல்லி, நீங்கள் இருக்கும்போதே ஆட்கள் வந்து பார்க்க அனுமதித்தால்? காலியாகக் கிடக்கும் காலம் பூஜ்யத்துக்குக்கூட இறங்கலாம்.

அப்புறம் வாடகை நிலவரத்தைப் பாருங்கள். நீங்கள் குடிவந்த பிறகு அந்தப் பகுதியில் வாடகை ஏறியிருந்தால், நீங்கள் போவது உரிமையாளருக்கு லாபம், புது ஆளிடம் கூடுதல் வாடகைக்கு விடலாம். வாடகை இறங்கியிருந்தால் அந்த வித்தியாசத்தை மீதி மாதங்களால் பெருக்கிப் பாருங்கள். அதுவும் அவர் நஷ்டத்தில் சேரும், அவர் தயங்குவதன் காரணமும் அதில் இருக்கும். பருவத்தையும் கவனியுங்கள். கல்லூரி தொடங்கும் நேரம், வேலை மாறுபவர்கள் வந்து சேரும் மாதங்கள் போன்ற காலங்களில் வீடுகள் சீக்கிரம் போகும். உங்கள் தேதியை இரண்டு, மூன்று வாரம் தள்ளி அந்தக் காலத்தோடு பொருத்த முடிந்தால், அதற்காக நீங்கள் கட்டும் கூடுதல் வாடகையைவிடப் பெரிய தொகை மிச்சமாகலாம்.

கடைசியாக மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் முதலில் சொல்லப்போவது, நியாயம் என்று நீங்கள் நினைப்பது, அதற்கு மேல் ஒரு காசும் தர முடியாதது. மூன்றாவது எண்ணை உரிமையாளரிடம் எக்காரணம் கொண்டும் சொல்ல வேண்டாம். பேச்சு அதைத் தாண்டினால், "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள்.

யாரிடம், எப்போது சொல்வது?

முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம் பேசுங்கள். தனி உரிமையாளர் என்றால் நேராக அவரிடமே. நிர்வாக நிறுவனம் பார்த்துக்கொள்ளும் குடியிருப்பு என்றால், வாசலில் இருக்கும் அலுவலருக்கு விதியை மாற்றும் அதிகாரம் இருக்காது. "இதில் முடிவெடுப்பவர் யார், அவருக்கு எப்படி எழுதுவது?" என்று மரியாதையாகக் கேட்டு வாங்குங்கள். தனி உரிமையாளர் மனிதச் சூழ்நிலையைக் கேட்டு இறங்குவார். நிறுவனத்துக்குத் தேதியும் தொகையும் சரியாக எழுதிய விண்ணப்பம்தான் வேலை செய்யும். வேறு கட்டடங்களும் வைத்திருக்கும் நிறுவனம் என்றால், வேறு வீட்டுக்கு, வேறு ஊருக்கு ஒப்பந்தத்தை மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். ஊர் மாறுகிறவர்களுக்குச் செலவே இல்லாத தீர்வாகக்கூட அது அமையும்.

நேரம் என்று பார்த்தால், போவது உறுதியானவுடன் சொல்வதுதான் நல்லது. தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் உரிமையாளர் ஆள் தேடும் நேரத்திலிருந்து கழிகிறது, உங்கள் பணத்தில் சேர்கிறது. வாடகை பாக்கி வைத்துக்கொண்டு இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம், பாக்கியை முதலில் தீர்த்துவிடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: உரிமையாளர் சம்மதிக்கும் முன் புது வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் இரண்டு வாடகை ஓடத் தொடங்கும். அந்த நெருக்கடியில் எந்த நிபந்தனைக்கும் சரி என்று சொல்லிவிடத் தோன்றும்.

முதல் பேச்சு

முதலில் நேரிலோ போனிலோ பேசுங்கள், அன்றே எழுத்தில் உறுதி செய்யுங்கள். ஒரே அடியாக நோட்டீஸை நீட்டினால் எதிரில் இருப்பவர் தற்காப்புக்குப் போய்விடுவார், அடுத்து வருவது வக்கீல் கடிதம்தான்.

காரணத்தை இரண்டு வரியில் உண்மையாகச் சொல்லுங்கள். பொய்க் காரணம் பின்னால் தெரிந்தால் நீங்கள் சொன்ன மற்ற எதையும் நம்பமாட்டார்கள். முழுக் கதையும் வேண்டாம், மருத்துவ விவரமோ வீட்டுப் பிரச்சினையோ விளக்கும் கடமை உங்களுக்கு இல்லை. காரணத்தைச் சொன்னவுடன் அவருடைய கவலைக்கு வந்துவிடுங்கள்:

"சார், எனக்கு வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. ஒப்பந்தம் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது என்பது தெரியும். உங்களுக்கு வீடு சும்மா கிடக்கக் கூடாது, அதற்கு என்னால் ஆனதைச் செய்கிறேன். இரண்டு மாதம் முன்பே சொல்கிறேன், ஆட்கள் வந்து பார்க்க எந்த நாளும் கதவைத் திறந்து விடுகிறேன். நல்ல ஆளாக நானும் தேடித் தருகிறேன். உங்களுக்கு எது சரிப்படும்?"

கடைசிக் கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடுங்கள். அவர் பேசட்டும். அவருக்குப் பணம்தான் கவலையா, தெரியாத ஆளைக் குடிவைக்கும் பயமா, மறுபடி புரோக்கரோடு அலையும் சலிப்பா என்பது அந்தப் பதிலில் தெரியும். மூன்றுக்கும் மருந்து வேறு. அலைச்சல்தான் பிரச்சினை என்றால் விளம்பரம் போடுவது, போனில் பதில் சொல்வது, வீடு காட்டுவது எல்லாவற்றையும் நீங்களே ஏற்கலாம், காசு எதுவும் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் கையில் உள்ளதை வரிசையாகக் கொடுங்கள், மொத்தமாகக் கொட்டாதீர்கள். உங்களுக்குச் செலவில்லாதவை முதலில்: நீண்ட நோட்டீஸ், வீடு காட்டுவது, சுத்தமாக ஒப்படைப்பது, தேதியில் விட்டுக்கொடுப்பது. அடுத்து மாற்று ஆள். பணம் கடைசியில். பணம் என்று வரும்போதும், "புது ஆள் வரும் வரை வாடகை கட்டுகிறேன், அதிகபட்சம் இத்தனை மாதம்" என்பது ஒரேயடியாக ஒரு தொகை தருவதைவிடப் பெரும்பாலும் உங்களுக்கு நல்லது, ஆள் சீக்கிரம் வந்தால் மிச்சம் உங்களுடையது. ஆனால் அந்த "அதிகபட்சம்" இல்லாமல் இப்படிச் சம்மதிக்கவே கூடாது. கணக்கு முடிந்து நிம்மதியாகப் போக வேண்டும் என்பவர்கள் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுப் போவதும் சரிதான்.

மிரட்டல் வேண்டாம். "கோர்ட்டுக்குப் போவேன்", "ஊரெல்லாம் சொல்வேன்" என்ற பேச்சு எந்த உரிமையாளரையும் இறக்கியதில்லை. சட்டம் உங்கள் பக்கம் இருந்தால், அந்தப் பிரிவை அமைதியான குரலில் ஒரு தகவலாகச் சொல்லுங்கள்.

பேச்சு முடிந்த அன்றே அனுப்ப ஒரு மாதிரிக் கடிதம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். இன்று நாம் பேசியதை எழுத்தில் உறுதி செய்துகொள்கிறேன். (வீட்டு எண், முகவரி) வீட்டுக்கான நம் ஒப்பந்தம் (தேதி) வரை உள்ளது. பணி இடமாற்றத்தால் (தேதி) அன்று வீட்டை ஒப்படைக்க அனுமதி கேட்கிறேன். அதுவரை வாடகையைத் தவறாமல் செலுத்துவேன். ஒரு நாள் முன்பு சொன்னால் புதியவர்கள் வீட்டைப் பார்க்க ஏற்பாடு செய்வேன். பொருத்தமானவர்களை நானும் அறிமுகப்படுத்துவேன். உங்கள் கருத்தை (தேதி)க்குள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். இது பேச்சுக்கான வேண்டுகோள் மட்டுமே. ஒப்பந்தத்தை நான் மீறியதாக இதைக் கொள்ள வேண்டாம்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். அவை இல்லாவிட்டால், "ஒப்பந்தத்தை முறிப்பதாக அவரே எழுதிக் கொடுத்தார்" என்று பின்னால் அந்தக் கடிதத்தையே காட்டலாம்.

மாற்று ஆள் கொண்டுவருவது

உரிமையாளரின் கவலையை நேரடியாகத் தீர்ப்பது இதுதான், அதனால் முழு முயற்சியும் இதில் போடலாம். வீட்டை ஒழுங்குபடுத்திப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். வாடகை, முன்பணம், எப்போது காலியாகும், நிபந்தனைகள் என்ன என்பதைத் தெளிவாக எழுதுங்கள். விளம்பரம் போடும் முன் உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் வீடு இணையத்தில் நின்றால் நம்பிக்கை கெடும். வருபவர்களில் வருமானச் சான்றும் பழைய வீட்டுக்காரரின் நல்ல வார்த்தையும் உள்ள இரண்டு, மூன்று பேரை மட்டும் முன்னிறுத்துங்கள். யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் உரிமை. மூன்று பேரைக் கொண்டுவந்தால் உரிமையாளர் ஒருவரை ஏற்றே ஆக வேண்டும் என்று ஜெர்மனியில் ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு, ஆனால் அப்படிச் சட்டம் எதுவும் இல்லை.

ஆள் கிடைத்ததும் எந்த வடிவத்தில் மாற்றுவது என்பதில் கவனம் வேண்டும். உள்வாடகை என்றால் உரிமையாளரிடம் நீங்கள்தான் இன்னமும் குடியிருப்பவர். வந்தவர் வாடகை தராவிட்டாலும், கதவை உடைத்தாலும் கேள்வி உங்களிடம்தான் வரும். ஒப்பந்தத்தை அவர் பெயருக்கு மாற்றுவது இதைவிட நல்லது. அப்போதும் சில இடங்களில், எழுத்தில் விடுவிக்காதவரை பழையவரின் பொறுப்பு தொடரலாம். எல்லாவற்றிலும் சுத்தமானது, உங்கள் ஒப்பந்தத்தை முடித்து உங்களை விடுவித்துவிட்டு, உரிமையாளர் புதியவரோடு புது ஒப்பந்தம் போடுவது. பேச்சு எந்தப் பக்கம் போனாலும் இதை நோக்கியே திருப்புங்கள்.

அறைத் தோழர்களோடு சேர்ந்து கையெழுத்திட்டிருந்தால்

இதில் சிக்கிக்கொள்பவர்கள் அதிகம். மூன்று பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், பெரும்பாலும் ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. "என் பங்கு மூன்றில் ஒன்று" என்பது உங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு, உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது. அதனால் நீங்கள் மட்டும் சாமானை எடுத்துக்கொண்டு போனாலும் பொறுப்பு உங்கள் பின்னாலேயே வரும். உங்களுக்குப் பதில் ஒருவர் வந்து தங்கத் தொடங்கி, காகிதத்தில் உங்கள் பெயரே இருந்தால் அதுவும் அப்படித்தான்.

முதலில் தோழர்களிடம் பேசுங்கள், அதன் பிறகு உரிமையாளரிடம். மீதி இருவருக்கும் யாரோடு வாழ்வது என்பதில் கருத்து இருக்கும், அவர்கள் சம்மதிக்காத ஆளைக் கொண்டுவந்தால் எதுவும் நிலைக்காது. முடிவில் நீங்கள், தோழர்கள், புதியவர், உரிமையாளர் எல்லோரும் கையெழுத்திட்ட மாற்றப் பத்திரம் வேண்டும். முன்பணத்தில் உங்கள் பங்கை உரிமையாளர் தருவாரா, புதியவர் உங்களுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் இடத்தில் நிற்பாரா என்பதும் அதில் இருக்க வேண்டும். ஜாமீன்தாரர் இருந்தால் அவரையும் பெயர் சொல்லி விடுவிக்கச் செய்யுங்கள். உங்களுக்காகக் கையெழுத்திட்ட மாமாவையோ அக்காவையோ இதில் மறந்துவிடக் கூடாது.

மறுத்துவிட்டால்

முதல் பதில் "முடியாது" என்று வருவது சகஜம், அது பெரும்பாலும் கடைசிப் பதில் இல்லை. "சரி சார், எப்படி இருந்தால் உங்களுக்குச் சம்மதம்?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் விடுங்கள். அந்த வாரத்தில் நல்ல ஆள் ஒருவரைக் கையோடு கூட்டிப் போய் நிறுத்தினால் பல "முடியாது" கரைந்துவிடும்.

அப்போதும் அசையவில்லை என்றால், உங்கள் ஊரில் வாடகைத் தகராறுகளுக்கான சமரச மையமோ தீர்ப்பாயமோ இருக்கும், கட்டணம் குறைவு, வக்கீல் இல்லாமலும் பல இடங்களில் போகலாம். அதுவரை வாடகையைக் கட்டிக்கொண்டே இருங்கள். நீங்கள் போயே தீர வேண்டும் என்றால், போகும் தேதியை எழுத்தில் தெரிவித்து, வீட்டை முறையாக ஒப்படைத்துவிட்டு, மாற்று ஆட்களை நீங்கள் அறிமுகப்படுத்திய ஒவ்வொரு செய்தியையும் சேமித்து வையுங்கள். உரிமையாளர் ஆள் பிடிக்க முயன்றாரா என்ற கேள்வி எழும்போது உங்கள் பக்கம் நிற்கப்போவது அந்தச் செய்திகள்தான்.

எழுத்தில் முடிக்கும் வரை எதுவும் முடியவில்லை

"பரவாயில்லை தம்பி, போய் வா" என்று அவர் அன்பாகச் சொல்லியிருக்கலாம். அவர் மனம் மாறலாம், வீடு கைமாறலாம், நாளை அவர் மகன் கணக்கைப் பார்க்க வரலாம். ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும்:

"(முகவரி) வீட்டுக்காக (தேதி) அன்று செய்துகொண்ட வாடகை ஒப்பந்தத்தை, இரு தரப்பும் மனமொப்பி (தேதி) உடன் முடித்துக்கொள்கிறோம். இதற்கு ஈடாகக் குடியிருப்பவர் (தொகை) செலுத்துகிறார். முன்பணம் (தொகை) வீட்டைப் பார்வையிட்ட (எண்ணிக்கை) நாட்களுக்குள் திருப்பித் தரப்படும். மேற்சொன்ன தேதிக்குப் பிறகான வாடகையோ, ஒப்பந்தத்தை முன்கூட்டியே முடித்ததற்கான நஷ்ட ஈடோ எதையும் உரிமையாளர் குடியிருப்பவரிடமோ ஜாமீன்தாரரிடமோ கோரமாட்டார்."

இந்தக் கடைசி வாக்கியம்தான் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது. அது இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் ஒப்பந்தத்தில் இருந்த எல்லோரும் இதிலும் கையெழுத்திட வேண்டும், ஆளுக்கொரு பிரதி. ஒன்டாரியோவின் என்11 படிவம் போல உங்கள் இடத்திலும் இதற்கென அரசுப் படிவம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அசல் ஒப்பந்தம் பதிவு செய்யப்பட்டிருந்தால், முடிப்பதையும் பதிவு செய்ய வேண்டுமா என்று விசாரியுங்கள். ஈட்டுத் தொகையைக் கையெழுத்தான பிறகு வங்கி வழியாகச் செலுத்துங்கள், ரொக்கம் வேண்டாம். "முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்றால் எவ்வளவு கழிகிறது, எவ்வளவு திரும்ப வரும் என்று இரண்டு தொகையும் தாளில் இருக்கட்டும். சொல்லாமல் கொள்ளாமல் கடைசி மாத வாடகையை நீங்களாகவே முன்பணத்தில் கழிப்பது பல இடங்களில் ஒப்பந்த மீறல்.

ஒப்படைக்கும் நாள்

சாமான்கள் போன பிறகு, காலி வீட்டை ஒவ்வொரு அறையாக வீடியோ எடுங்கள். சுவர், தரை, குளியலறை, அலமாரிகளின் உள்பக்கம் எல்லாம் வரட்டும். மின்சாரம், தண்ணீர், எரிவாயு மீட்டர்களைப் படம் எடுத்து, உங்கள் பெயரிலுள்ள இணைப்புகளை முடியுங்கள் அல்லது மாற்றுங்கள். உரிமையாளரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, பழுதுகளை அங்கேயே எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பயன்பாட்டில் இயல்பாக வரும் தேய்மானத்துக்கு, அதாவது மங்கிய பெயின்டுக்கும் நடந்து தேய்ந்த தரைக்கும், பணம் பிடிப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் அனுமதிப்பதில்லை.

சாவி கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள், "இன்று சாவி பெற்றுக்கொண்டேன்" என்ற ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது போதும். வாடகைக்காக வங்கியில் போட்டிருந்த தானியங்கிப் பரிமாற்றத்தை நிறுத்துங்கள், புது முகவரியையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுத்தில் கொடுங்கள். முன்பணம் திரும்ப வர வேண்டிய தேதியை நாள்காட்டியில் குறித்துக்கொண்டு, அது தாண்டிய மறுநாளே முடிவுப் பத்திரத்தின் படத்தையும் இணைத்து நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் கெடு வைத்து ஒரு கடிதம், அப்புறம் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றமோ வாடகைத் தீர்ப்பாயமோ.